களிப்பாறையின் ஆழமும் எண்ணெய்க் கிணற்றின் பயனும்

கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. “தஞ்சைப் பக்கத்தில் எண்ணெய் கிடைக்கிறதே, நம் ஊரில் இன்னும் ஆழமாகத் தோண்டினால் கிடைக்காதா?” என்பதே அது. கிடைக்காது. கூடங்குளத்து மண்ணுக்கடியில் இருப்பவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடும் வெப்பத்தில் உருமாறிய கெட்டிப் பாறைகள். அணுமின் நிலையம் எழுந்துள்ளதும் அத்தகைய பாறையின் மீதுதான். அங்கே எத்தனை ஆழம் துளைத்தாலும் எண்ணெயைப் பிறப்பிக்கும் பொருள் இல்லை. ஆகவே ஆழம் மட்டும் போதாது. எதன் ஆழம் என்பது முதற்கேள்வி.

எண்ணெயின் தாய்வீடு ஷேல் எனப்படும் களிப்பாறை. பழங்காலத்துக் கடலடியில் நுண்ணிய சேற்றோடு நுண்ணுயிர்களின் எச்சங்களும் படிந்தன. மேலே மேலே வண்டல் குவியக் குவிய, அச்சேறு புதையுண்டு இறுகிப் பாறையாயிற்று. அதிலுள்ள உயிர்ப்பொருள் கெரோஜன் என்னும் திண்பொருளாக மாறிற்று. இதனை எண்ணெயாக்குவது பூமியின் வெப்பமே. கீழே செல்லச் செல்ல, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறுகிறது. ஏறத்தாழ 60 டிகிரியில் எண்ணெய் பிறக்கத் தொடங்கும். 120 டிகிரிக்கு மேல் எண்ணெய் சிதைந்து வாயுவாகும். 150 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் வாயுவே எஞ்சும்.

நம் பனங்காட்டுப் பெண்டிர் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு போதாவிடில் கருப்பட்டி அச்சில் இறுகாது. மிகுந்தால் தீய்ந்து போகும். பூமியும் அப்படித்தான் பதம் பார்க்கிறது, அதன் அடுப்பு எரிவது மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள்!

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஈகிள் ஃபோர்டு என்னும் களிப்பாறை அடுக்கு உண்டு. அது ஒரு புறம் நிலமட்டத்திலேயே தலைகாட்டுகிறது. தென்கிழக்கே சரிந்து சரிந்து 4,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஒரே பாறைதான். எனினும் ஆழம் குறைந்த பகுதியில் எண்ணெயும், அடுத்த பகுதியில் எண்ணெய் கலந்த வாயுவும், மிக ஆழத்தில் வெறும் வாயுவும் கிடைக்கின்றன. எண்ணெய் விலை உயர்ந்து வாயு விலை தாழ்ந்திருக்கும் காலத்தில், பக்கத்துப் பக்கத்து நிலங்களில் முதலிட்ட இருவருள் ஒருவர் ஆதாயமும் மற்றவர் நட்டமும் காண்பது இதனால்தான்.

ஆழத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. கீழே அழுத்தம் மிகுதி. அழுத்தமும் கரைந்த வாயுவும் சேர்ந்து எண்ணெயை இளக்கி, நுண்துளைகளிலிருந்து வெளியே தள்ளும். ஆனால் துளையிடும் செலவும் ஆழத்தோடு விரைந்து ஏறும். மேலும், களிப்பாறையிலிருந்து எண்ணெய் தானாக ஓடி வாராது. கிணற்றைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீரை மணலுடன் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். அப்படிப் பிளந்த கிணற்றிலும் உற்பத்தி முதலாண்டிலேயே பாதிக்குமேல் குறைந்துவிடுவது வழக்கம். முதல் மாதத்து உற்பத்தியைக் காட்டிப் பங்கு விற்க வருவோரிடம் பன்னிரண்டாம் மாதக் கணக்கைக் கேட்பது நன்று.

நம் மாநிலத்திற்கு வருவோம். காவிரிப் படுகையில் ஆந்திமடம், சாத்தபாடி எனப் பெயர்பெற்ற களிப்பாறை அடுக்குகள் ஆழத்தில் உள்ளன. நரிமணம், கோவில்களப்பால் கிணறுகளில் எடுக்கப்பட்டது, களிப்பாறையில் பிறந்து, அதை விட்டு வெளியேறி வேறு பாறைகளில் தேங்கிய எண்ணெய். தாய்ப்பாறையிலேயே தங்கிவிட்ட எண்ணெய் எவ்வளவு? அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, காவிரிப் படுகையில் எடுக்கத்தக்கது ஏறத்தாழ 20 கோடி பீப்பாய். இந்தியா இன்று நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவிடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள், 40 நாளைக்குக்கூட எட்டாது. ‘எடுக்கத்தக்கது’ என்பதும் தொழில்நுட்பத்தால் இயலும் என்ற பொருளில்தான். எடுத்தால் இலாபம் வரும் என்ற பொருளில் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக் கொண்டவர் கைப்பொருளை இழப்பார்.

நம் கடலுக்கு அப்பால் மன்னார் வளைகுடாவிலும் இதே பாடம் உண்டு. இலங்கைப் பகுதியில் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ கிணற்றில் வாயுவைக் கண்டது. கடல்நீர் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல், வாயுவோ ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில். கண்டவர்கள் உற்பத்தியைத் தொடங்காமலே 2015-இல் விலகினர்.

காவிரிப் படுகையிலோ ஆழத்தைக் காட்டிலும் பெரியதொரு செய்தி மேலே, வயலில் இருக்கிறது. பாறையைப் பிளக்க வேண்டிய அந்நீரைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் போகவே போதாத நிலத்தில் எங்கிருந்து எடுப்பது? 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஷேல் வாயு உட்பட எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய ஆய்வும் துளையிடுதலும் அம்மண்டலத்தில் தடுக்கப்பட்டன. முன்பே நடந்துவந்த பணிகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது.