ஆலோசகரா, ஆட்சியாளரா? பேராக் சுல்தான் விவகாரத்தில் மோதிக்கொண்ட ஆங்கிலேய அதிகாரிகள்

ஈப்போ நகரின் மணிக்கூண்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச்சின் நினைவாக 1909-இல் எழுப்பப்பட்டது அது. அது நிற்கும் சாலையின் பெயர் என்ன தெரியுமா? ஜாலான் டத்தோ சாகோர். அருகிலுள்ள இன்னொரு சாலை ஜாலான் டத்தோ மகாராஜா லேலா. பெர்ச்சைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட இருவரின் பெயர்கள் இவை!

1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசீர் சாலாக்கில் பெர்ச் கொல்லப்பட்டார். மலாய்த் தலைவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த போராட்டம் என்றே இதைப் பள்ளியில் படிக்கிறோம். அது உண்மைதான். ஆனால், அதற்குப் பின்னால் இன்னொரு மோதலும் இருந்தது. சுல்தானை எப்படி நடத்துவது என்பதில் ஆங்கிலேய அதிகாரிகளே ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு நின்றார்கள்.

அறிக்கை கேட்டது லண்டன். ஒப்பந்தம் போட்டார் ஆளுநர்

1871-இல் பேராக் சுல்தான் அலி காலமானார். முறைப்படி அரியணைக்கு வரவேண்டிய ராஜா மூடா அப்துல்லா இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. தலைவர்கள் கூடி பெண்டஹாரா இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். மறுபக்கம், லாருட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீன இரகசியச் சங்கங்கள் இரத்தம் சிந்திப் போராடிக் கொண்டிருந்தன. பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்களின் முதலீடு ஆட்டம் கண்டது.

மலாய் மாநிலங்களில் தலையிடக் கூடாது என்பதே அதுவரை லண்டனின் கொள்கை. 1873 செப்டம்பரில் அதில் சிறு தளர்வு வந்தது. மலாய் மாநிலங்களில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரை அமர்த்துவது நல்லதா என்று ஆராய்ந்து எழுதும்படி புதிய ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கிடம் குடியேற்ற நாடுகள் அமைச்சர் கிம்பர்லி பிரபு கேட்டுக்கொண்டார். கிளார்க் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. 1874 ஜனவரி 20-இல் பங்கோரில் ஒப்பந்தத்தையே முடித்துவிட்டார்! அப்துல்லா சுல்தான் ஆனார். இஸ்மாயில் அந்தக் கூட்டத்திற்கே வரவில்லை. லண்டன் பிறகுதான் ஒப்புதல் தந்தது.

ஒரு சொல், இரண்டு பொருள்

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஆறாவது விதி. மலாய்ச் சமயம், வழக்கம் தவிர்ந்த எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைச் சுல்தான் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும். எல்லாச் சிக்கலுக்கும் வித்து இதுதான். கட்டாயமாக ஏற்க வேண்டியது எப்படி ஆலோசனையாகும்? அது உத்தரவு அல்லவா?

பொறுமையாகப் பேசிச் சுல்தானையும் தலைவர்களையும் மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவரலாம் என்பது கிளார்க்கின் எண்ணம். 1874 நவம்பரில் பதவியேற்ற பெர்ச்சின் போக்கு வேறு. இலங்கையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர் அவர். அங்கே ஆங்கிலேயர் நேரடியாக ஆண்டார்கள். அந்தப் பழக்கத்தோடு, மலாய் மொழியிலும் தேர்ச்சி இல்லாமல் பேராக்கிற்கு வந்தார்.

அவர் கையில் எடுத்த பிரச்சினைகள் இரண்டு. ஒன்று, ஆற்றோரத் தலைவர்கள் தனித்தனியே வசூலித்த வரி. அதை ஒரே கருவூலத்திற்குக் கொண்டுவர முயன்றார். இரண்டாவது, கடன் அடிமைமுறை. கடனை அடைக்க முடியாதவரும் அவர் குடும்பத்தாரும் கடன் கொடுத்தவருக்கு உழைத்துக் கிடந்த கொடுமை அது. தப்பி வந்த பெண்களுக்குப் பெர்ச் அடைக்கலம் தந்தார். அவருடைய நோக்கத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அந்த வரியும் அந்த ஆட்களும்தாம் தலைவர்களின் செல்வமும் செல்வாக்கும். அவற்றிற்கு ஈடாக என்ன தருவது என்பதை முடிவு செய்யாமலேயே கைவைத்தார். பெர்ச்சின் அவசரம் கிளார்க்கிற்கே எரிச்சலூட்டியது.

வந்தார் ஜெர்வோய்ஸ்

1875 மே மாதம் கிளார்க் இந்தியாவுக்கு மாற்றலானார். அடுத்து ஆளுநராக வந்தவர் சர் வில்லியம் ஜெர்வோய்ஸ். இருவருமே இராணுவப் பொறியாளர்கள். ஆனால், எண்ணத்தில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். பெர்ச்சின் அவசரம் கிளார்க்கின் கண்ணில் குறை. ஜெர்வோய்ஸின் கண்ணிலோ குறை ரெசிடெண்ட் முறையிலேயே இருந்தது. ஆலோசனை சொல்லிக் கொண்டிருந்தால் எதுவும் நடக்காது, சுல்தானின் பெயரில் ஆங்கிலேய அதிகாரிகளே நேரடியாக ஆள வேண்டும் என்றார் அவர்.

கையெழுத்திடாவிட்டால் அரியணை போய்விடும் என்ற நெருக்கடியில் அப்துல்லா பணிந்தார். ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேய அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் அறிவிப்புகள் அச்சாயின. அவற்றைக் கம்பங்களில் ஒட்டுவதற்காகத்தான் பெர்ச் பாசீர் சாலாக் சென்றார். ஆற்றில் குளித்துக் கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சென்னை, பினாங்கு வழியாக லண்டனையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தந்திக் கம்பி 1871-லேயே வந்துவிட்டது. கேட்க நினைத்திருந்தால் ஜெர்வோய்ஸ் கேட்டிருக்கலாம். இவ்வளவு பெரிய கொள்கை மாற்றத்திற்கு அவர் லண்டனின் முன் அனுமதி பெறவில்லை. அன்றைய அமைச்சர் கார்னார்வன் பிரபு அவரைக் கண்டித்தார். போருக்குப் பிறகு பேராக்கை இணைத்துக் கொள்ளலாம் என்ற யோசனையையும் நிராகரித்தார்.

தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்து இறங்கின. மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். இஸ்மாயில் ஜோகூருக்கு அனுப்பப்பட்டார். அப்துல்லா வழக்குமன்றத்தில் நிறுத்தப்படாமலேயே சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இதை எதிர்த்து ஓர் ஆங்கிலேயரிடமிருந்தே குரல் வந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற சர் பீட்டர் பென்சன் மேக்ஸ்வெல், அரசின் போக்கைக் கடுமையாகக் கண்டித்து 1878-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவருடைய மகன் வில்லியம் மேக்ஸ்வெல்லோ அதே பேராக் போரில் ஆங்கிலேயப் படையுடன் சென்ற அதிகாரி!

ஹியூ லோ கண்ட வழி

1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, லாபுவான் தீவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தவர். மலாய் மொழி அறிந்தவர். அதே ஆண்டில் மாநில மன்றத்தை அமைத்து மலாய்த் தலைவர்களை அதில் அமர்த்தினார். முன்பு மோதிக்கொண்ட இரு சீனச் சங்கங்களின் தலைவர்களுக்கும் இடம் கொடுத்தார். தலைவர்கள் இழந்த வரிக்கு ஈடாகப் படித்தொகையும் பதவியும் கிடைத்தன. பெர்ச்சின் உயிரைப் பறித்த கடன் அடிமைமுறைப் பிரச்சினை, மன்றத்தில் பேசித் தீர்க்கப்பட்டு 1883 இறுதியில் முடிவுக்கு வந்தது.

அப்படியானால் லோ வெறும் ஆலோசகரா? இல்லை. ரெசிடெண்டுகள் ஆள்பவர்கள் அல்லர் என்று 1878-இல் ஆளுநர் ராபின்சன் நினைவூட்டியபோது, ஆலோசனை கேட்கும் ஓர் அரசாங்கத்தை முதலில் நாம்தானே உருவாக்க வேண்டும் என்ற கருத்தில் லோ பதில் எழுதினார். ஜெர்வோய்ஸ் அறிவிப்பு ஒட்டி அடைய நினைத்ததை, லோ மரியாதை கொடுத்து அடைந்தார். அதிகாரம் மட்டும் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது.

அந்த அதிகாரிகள் வழிமுறையைப் பற்றித்தான் சண்டையிட்டார்கள். பேராக் யாருடையது என்ற கேள்வியை அவர்களில் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. 1903-இல் கோலாலம்பூரில் நடந்த ஆட்சியாளர்கள் கூட்டத்தில் பேராக் சுல்தான் இட்ரிஸ் எழுந்து, அதிகாரம் முழுவதும் ஒரே இடத்தில் குவிவதைக் குறை கூறினார். பங்கோர் ஒப்பந்தம் முடிந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் ஆலோசனை என்ற அந்தச் சொல்லின் பொருள் தீர்ந்தபாடில்லை.

ஒப்பந்தத்தில் தெளிவில்லாத ஒரு சொல் இருந்தால் அதற்கு யார் பொருள் சொல்வார்கள்? வலிமை உள்ளவர்களே சொல்வார்கள். பேராக்கில் அதற்கான விலையைச் சுல்தானும் கொடுத்தார், தலைவர்களும் கொடுத்தார்கள், பெர்ச்சும் கொடுத்தார்.