என்ஜினீயர்களின் சுயாட்சியும் நமது மகாசபையும்

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் உள்ள ஒரு வேளாண்மைக் கடன் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சில காலத்துக்கு முன் சென்றிருந்தேன். காலை 10 மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தது. மணி பதினொன்றரை ஆயிற்று. கோரத்துக்கு வேண்டிய அங்கத்தினரில் பாதிப்பேர்கூட வந்து சேரவில்லை. வரவு செலவு அறிக்கைப் பிரதிகள் மேசையின் மீது அடுக்கியபடியே கிடந்தன. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

புறப்படும் வேளையில், வந்திருந்த சிலருள் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா, நாங்கள் ஏர் பிடிக்கிறவர்கள். சட்டத்தையும் கணக்கையும் என்ன கண்டோம்? என் பேரன் கனடா தேசத்தில் என்ஜினீயராக இருக்கிறான். அங்கே என்ஜினீயர்களுக்கும் ஒரு சங்கம் உண்டாம். லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் அதுதானாம். படித்தவர்கள் சங்கத்திலே இப்படியா நடக்கும்?" என்றார்.

"பெரியவரே, அங்கும் இதே குறைதான்" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று நின்றபடியே சொன்ன பதிலைக் கூட்டுறவு அன்பர்கள் அனைவரும் அறியும்படி இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கணக்குப் பார்க்காத பாலம்

கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது மாபெரும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டு வந்தது. 1907 ஆகஸ்டு 29 அன்று மாலை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது சரிந்து ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளர் மாண்டனர்.

காரணத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை, கணக்குத் தணிக்கை செய்யும் என் போன்றோர் என்றும் மறக்கலாகாதது. பாலத்தின் நடுத்தாவு முதலில் 1,600 அடி என்று திட்டமிடப்பட்டுப் பின்னர் 1,800 அடியாக நீட்டப்பட்டது. நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடுமன்றோ? அந்த எடையை எவரும் உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடவில்லை. ஆலோசகரான புகழ்பெற்ற என்ஜினீயர் நியூயார்க்கில் இருந்தார். இரும்புச் சட்டங்கள் வளைவதைப் பாலத்தடியில் இருந்த இளம் என்ஜினீயர் கண்டார். ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் நியூயார்க் சென்று தெரிவித்து, அங்கிருந்து தந்தி புறப்பட்டது. அது பலன் தருமுன் பாலம் விழுந்துவிட்டது. குறையைக் கண்டவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் பெற்றவன் குறையை நேரில் காணவில்லை.

பாலமும் அணையும் கட்டுவோர் தகுதியை யார் உறுதி செய்வது என்ற கேள்விக்கு இத்தகைய அனுபவங்கள் வலுவூட்டின. கனடாவில் கண்ட விடை, அத்தொழிலை அறிந்தவர்களே தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது. ஒன்டாரியோ மாகாணத்தில் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்முறை என்ஜினீயர்களின் சங்கம் தோன்றியது. 1937-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, லைசென்ஸ் பெறாதவர் அத்தொழிலைச் செய்யலாகாது என்றாயிற்று.

ஆட்சிமன்றம் அமையும் விதம்

இச்சங்கத்தின் ஆட்சிமன்றத்தில் பெரும்பாலோர் லைசென்ஸ் பெற்ற என்ஜினீயர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மாகாணம் ஐந்து பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பிரதிநிதிகள் வருகின்றனர். தலைநகரத்தார் மட்டுமே ஆளாதவாறு இது ஒரு காப்பு. பெரிய கம்பெனியின் தலைமை என்ஜினீயருக்கும், நேற்று லைசென்ஸ் பெற்ற இளைஞருக்கும் வாக்கு ஒன்றே. 1844-இல் ராச்டேல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளரும் வகுத்த கூட்டுறவு நெறியும் இதுவேயன்றோ?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்சிமன்றத்தில் சிலரை மாகாண அரசு நியமிக்கிறது. அவர்களுள் மூவர் முதல் ஐவர் வரை என்ஜினீயர் அல்லாதவராகவே இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஏனெனில் இச்சங்கம் என்ஜினீயர்களின் நன்மைக்காக ஏற்பட்டதன்று. பாலத்தின் மீது நடப்பவன், கட்டடத்தில் குடியிருப்பவன் ஆகியோரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. அப்பொதுமக்களின் குரலும் மன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்பது கருத்து. என்ஜினீயர்களின் சொந்த நலன்களைப் பேசுவதற்கு 2000-ஆம் ஆண்டில் தனியாக வேறொரு சங்கம் ஏற்படுத்தப்பட்டது.

அமைப்பு அழகானது; நடைமுறை எப்படி? இச்சங்கத்தில் லைசென்ஸ் பெற்றோர் 80,000 பேருக்கும் மேற்பட்டவர். வாக்களிக்க வெயிலில் நடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கலாம். அப்படியிருந்தும் அண்மை ஆண்டுகளின் தேர்தல்களில் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பெரியவரின் பேரன் வாக்களித்தாரோ இல்லையோ, நான் அறியேன். கல்வி மட்டும் மனிதனை மகாசபைக்கு அழைத்து வந்துவிடாது என்பது மட்டும் தெளிவு.

வராதவர் இழந்தது

சிலர் மட்டுமே வாக்களிக்கும் சங்கத்தில், குரல் உயர்த்தும் ஒரு சிறு கூட்டம் எல்லாருடைய பெயராலும் பேசத் தொடங்குகிறது. 2012 ஜூன் 23 அன்று ஒன்டாரியோவின் எலியட் லேக் என்னும் ஊரில் ஓர் அங்காடிக் கட்டடத்தின் கூரை இடிந்து இரு பெண்கள் மாண்டனர். பல்லாண்டுகளாகக் கூரையில் நீர் ஒழுகி இரும்பு துருவேறியிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் ஓர் என்ஜினீயர் பார்வையிட்டுக் கட்டடம் உறுதியாக உள்ளது என்று அறிக்கை கொடுத்திருந்தார். என்ஜினீயர்கள் தொடர்ந்து கற்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2014-இல் விசாரணைக் கமிஷன் பரிந்துரைத்தது. சங்கத்துக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது. 2023-இல்தான் அது கட்டாயமாயிற்று. இடையில் 2019-இல், சங்கமே அழைத்த ஹாரி கேட்டன் என்னும் வெளியார் அதன் செயல்முறையை ஆராய்ந்தார். பொதுநலனைக் காக்கும் ஒழுங்குமன்றமாக நடவாமல், அங்கத்தினர் நலச் சங்கம்போல் நடக்கும் போக்கு அதில் உள்ளது என்பது அவர் கண்ட குறைகளுள் ஒன்று.

ஒன்டாரியோவில் சங்கம் தானே திருந்த முற்பட்டது. வேறு மாகாணங்களில் சர்க்கார் குறுக்கிட்டது. கட்டுமான ஒப்பந்தங்களில் நடந்த கூட்டுச்சதிகளும் ஊழலும் விசாரணையில் அம்பலமான பின், 2016-இல் கியூபெக் மாகாண என்ஜினீயர் சங்கம் அரசு நியமித்த பொறுப்பாளர்களின் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. 2019-இல்தான் அது நீங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2018-இல் இயற்றப்பட்டு 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய தொழில் மன்றங்களுக்கு மேல் அரசின் கண்காணிப்பாளர் ஒருவரை அமர்த்தியது. ஆட்சிமன்றத் தேர்தலுக்கு நிற்பவரின் தகுதியையும் ஒரு குழு முன்னதாக ஆராய்கிறது. சுயாட்சி ஒரே நாளில் பறிபோவதில்லை. பயன்படுத்தாத உரிமை துருவேறுகிறது. துருவேறிய கூரை ஒருநாள் விழுகிறது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 1920-இல் தோன்றி 1935-இல் அரச சாசனம் பெற்ற இந்திய என்ஜினீயர்கள் கழகம் நெடுங்காலமாகத் தேர்வுகள் நடத்திப் பல்லாயிரவருக்குத் தகுதி அளித்துள்ளது. எனினும் லைசென்ஸ் வழங்கும் முழு அதிகாரம் அதற்கு இல்லை. வக்கீல்களுக்கோ 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சில்கள் உள்ளன. டாக்டர்களின் வரலாறு வேறு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெருவாரியாக இருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி, முடிவில் 2020 செப்டம்பரில் மறைந்தது. அதன் இடத்தில் பெரும்பாலும் நியமனம் பெற்றோர் அடங்கிய ஆணையம் வந்தது. தேர்தல் நடந்தால் மட்டும் போதாது. தேர்ந்தெடுத்தவர்கள் தேர்ந்தெடுத்த பின்னும் கண் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டின் 97-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. நிர்வாகக் குழுவுக்கு ஐந்தாண்டுக் காலமும், 21 பேர் என்ற உச்ச வரம்பும் வகுத்தது. மாநிலச் சங்கங்களைப் பற்றிய பகுதி, மாநிலச் சட்டசபைகளின் ஒப்புதல் பெறப்படாத காரணத்தால் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி செல்லாததாயிற்று. சங்கம் அமைக்கும் உரிமை நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2013-இலும் 2018-இலும் சங்கத் தேர்தல்கள் நடைபெற்றன. 2018-இல் வந்த குழுக்களின் காலம் 2023-இல் முடிந்தது. தேர்ந்தெடுத்த குழு இல்லாத காலங்களில் சங்கம் அலுவலரின் கைக்கு வருவது நம் மாநிலத்துக்குப் புதிதன்று.

அலுவலன் சொல்லும் உண்மை

அத்தகைய பொறுப்பு ஒரு சமயம் எனக்கும் வந்தது. சங்கத்துக்கு உரம் வாங்க வேண்டியிருந்தது. முந்திய ஆண்டின் பட்டியலைப் பார்த்து நெல்லுக்கு வேண்டிய யூரியாவை வரவழைத்தேன். அவ்வாண்டு கண்மாய் நிரம்பவில்லை. பலர் நெல்லை விட்டுக் கடலை விதைத்திருந்தனர். அவர்களுக்கு வேண்டியது ஜிப்சம். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அதை இட்டு மண் அணைக்க வேண்டும். சங்கத்தில் ஜிப்சம் இல்லை. யூரியா மூட்டைகள் கிடங்கில் தேங்கின. "முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே, ஐயா" என்றார் ஓர் அங்கத்தினர். என் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிழை இல்லை. ஆயினும் பிழை என்னுடையதே. வயலைக் கண்டவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் பெற்ற நான் வயலைக் காணவில்லை. பாலத்தின் கதைதான் சிறிய அளவில் நடந்தது.

ஆகவே அலுவலனாகிய நானே சொல்கிறேன்: அலுவலன் எவ்வளவு நேர்மையாளனாயினும், அங்கத்தினர் ஆளும் சங்கத்துக்கு அவன் ஈடாக மாட்டான். எந்த நூல் இழை அறுகிறது என்பது தறியில் அமர்ந்தவருக்கே தெரியும். எந்த மடையில் நீர் ஏறாது என்பது அந்த மடையின் கீழ் உழுபவருக்கே தெரியும்.

என்ஜினீயர்களின் அனுபவத்திலிருந்து மூன்று கடமைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, மகாசபைக்கு வருதல். கடன் வாங்கவும் நூல் வாங்கவும் வருகிற கால்கள் கணக்குக் கேட்கவும் வர வேண்டும். இரண்டாவது, பிரதிநிதித்துவம் பரவலாதல். சங்க எல்லையில் உள்ள ஒவ்வொரு குக்கிராமமும், பெண்களும், ஆதிதிராவிட மக்களும், சிறு விவசாயியும், கூலிக்கு நெய்பவரும் நிர்வாகக் குழுவில் இடம் பெற வேண்டும். ஒரு தெருவின் சங்கம் ஊரின் சங்கம் ஆகாது. மூன்றாவது, குழுவில் அமர்ந்தபின் தம் உறவினருக்கும் தம்மை ஆதரித்தவருக்கும் மட்டுமின்றி, தமக்கு வாக்களிக்காதவருக்கும் வாயில்லாதவருக்கும் பொறுப்பாளி என்று உணர்தல். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டிலேயே விதித்திருப்பதை நினைவில் கொள்வோமாக.

குன்றாண்டார்கோவிலில் குடைவரைக் கோயிலின் முன்னே தேர் வடிவில் ஒரு மண்டபம் இருக்கிறது. கல்லில் சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்கள். காண்போர் வியக்கும் வேலைப்பாடு. ஆனால் அது நகராது. நமது சட்டமும் துணைவிதியும் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், அங்கத்தினர் வராத வரையில் அவை அந்தக் கல்தேர் போன்றவையே. மரத்தேர் அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும், ஊரார் கூடி வடம் பிடித்தால் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேரும்.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு அந்தப் பெரியவர் தம் தெருவிலிருந்து பதினொரு பேரை அழைத்து வந்தார். வரவு செலவு அறிக்கையை ஒரு பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு கேள்விகளும் கேட்டார். இரண்டாவது கேள்விக்குக் காரியதரிசி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. அடுத்த மகாசபையில் உங்கள் சங்கத்திலும் அப்படி இரண்டு கேள்விகள் எழட்டும்.