மணிக்கட்டில் ஓர் உதிரி நாண்

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து, மணிக்கட்டைச் சற்றே உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நடுவே ஒரு நாண் வீணைத் தந்திபோல விறைத்து எழும். சிலருக்கு எழாது. இன்னும் சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது.

'பாமாரிஸ் லாங்கஸ்' என்ற மெல்லிய முன்கைத் தசையின் நாண் அது. சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இல்லை என்பது பாடநூல் கணக்கு. இனத்துக்கு இனம் இந்த அளவு நிறையவே மாறும். இல்லாதவர்கள் பதற வேண்டாம், பிடியின் வலு குறையாது. மரத்துக்கு மரம் தாவும் ஒராங்குட்டானுக்குத்தான் இது நன்றாக வளர்ந்திருக்கிறது.

வேலையில்லாத இந்த நாணுக்கு 1974-ல் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் பேஸ்பால் பந்தெறிபவரான டாமி ஜானின் இடது முழங்கைத் தசைநார் கிழிந்துபோனது. அன்றைய நிலையில் அது ஆட்டக்காரரின் ஓய்வுச் சீட்டு. டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்த நாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றே அவர் கணித்திருந்தார். 1976-ல் களம் திரும்பிய ஜான், 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை! அந்த அறுவை சிகிச்சைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இதே தசை சிலருக்குத் தலைகீழாக அமைந்துவிடுவதும் உண்டு. சதைப்பகுதி மணிக்கட்டுப் பக்கம் வந்து கட்டிபோலத் தெரியும். நரம்பை அழுத்தி விரல்களை மரத்துப்போகச் செய்யும். மற்ற நாண்களிலும் இப்படி மாறுபாடு உண்டு. வேறு சிலருக்கு, கட்டைவிரலை மடக்கினால் ஆள்காட்டி விரலும் கூடவே வளையும். இரண்டையும் மடக்கும் நாண்களுக்கிடையே பிறவியிலேயே இருக்கும் ஓர் இணைப்புதான் காரணம். 1979-ல் லின்பர்க், காம்ஸ்டாக் இருவரும் இதை விவரித்தார்கள். விரல்களைத் தனித்தனியே இயக்க வேண்டிய இசைக் கலைஞர்களுக்கு இது தொல்லை.

பாமாரிஸ் நாணை வெட்டியெடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அதற்கு நேர் கீழே செல்கிறது மீடியன் நரம்பு. நாண் இல்லாத கையில், நரம்பையே நாண் என்று நினைத்து வெட்டியெடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கட்டைவிரல் வலுவிழக்கும், முதல் மூன்று விரல்களில் உணர்வு போய்விடும். எனவே நாண் எடுக்கும் முன், நோயாளி விழித்திருக்கும்போதே விரல்களைச் சேர்த்து மடக்கச் சொல்லி, எழும் கோட்டைப் பேனாவால் தோலில் குறித்துக்கொள்வது அறுவை நிபுணர்களின் வழக்கம்.