ஊர்க்காவலும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நாட்டைக் காப்பது இராணுவம். ஊரைக் காப்பது யார்? "போலீஸ்" என்று உடனே விடை சொல்லிவிடுவோம். ஆனால் நம் கல்லூரியில் பயில்வோருள் பெரும்பாலோர் கிராமத்துப் பிள்ளைகள். எங்கள் ஊருக்குக் காவல் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். கடைசிப் பேருந்து இரவு எட்டரைக்கு. அதன்பின் ஊருக்கு ஊரே காவல். இந்த ஊர்க்காவல் எவ்வாறு வந்தது, இன்று எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைக் காண்போம்.

அன்றைய முறை

முற்காலத்தில் காவல் என்பது ஊராரின் பொறுப்பு. 'பாடிகாவல்' என்ற வரியைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில், 1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஊர்த் தலைவருக்குக் காவல் அதிகாரம் தந்தது. மணியக்காரரும் அவருக்குக் கீழே தலையாரியும் ஊரைக் கவனித்தனர். 1859இல்தான் சம்பளம் பெறும் போலீஸ் படைக்கு மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது.

இதைப் பொற்காலம் என்று போற்றிவிடவும் முடியாது. பதவி பரம்பரையாக வந்தது. திண்ணையில் உட்காரத் தகுதியுடையவருக்கு ஒரு நீதி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றவருக்கு ஒரு நீதி என்றே பல ஊர்களில் நடந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரை ஊர் அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்திற்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

நண்பர்கள் வந்ததும் போனதும்

1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் இளைஞர்கள் இரவு ரோந்துக்குத் துணை போவர். போலீசுக்கும் மக்களுக்கும் பாலமாவர். நல்ல எண்ணந்தான். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, தன்னார்வலர் சிலர் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அரசு அந்த இயக்கத்துக்குத் தடை விதித்தது. துணை நிற்பவன் கையில் அதிகாரத்தின் நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

போலீசே வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்பதும் ஆபத்து. 2018 மே மாதம் 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்துடன் வந்த மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. காவல் காக்க வந்த கைகளே கொலைக் கைகளாயின!

சட்டம் சொல்வது

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஊரில் திருட்டுப் பொருள் வாங்குவதில் பேர்போனவர் தங்கியிருந்தாலோ, ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தாலோ தெரிவிக்க வேண்டிய கடமையை அதன் 34ஆம் பிரிவு கிராம அலுவலருக்கு மட்டுமின்றி, ஊராட்சி உறுப்பினருக்கும் விதிக்கிறது. 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு பெரியம்மாவின் இரண்டு ஆடுகள் சென்ற ஆண்டு களவு போயின. வெறுங்கையோடு நிலையத்துக்குப் போனவரை, "யார் மேல் சந்தேகம், பெயரைக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டனர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், "நீ எழுதிக் கொடுடா தம்பி" என்று வந்தார். நாள், நேரம், ஆட்டின் நிறம், காது அடையாளம் யாவும் எழுதி, இரண்டு பிரதியுடன் உடன் சென்றேன். ரசீது கேட்டோம், தந்தார்கள். ஆடுகள் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் ஆடு இழந்து வாய் மூடியிருந்த மூன்று குடும்பங்களும் புகார் கொடுத்தன. நான்கு புகார் சேர்ந்தபின் இரவு ரோந்து எங்கள் ஊர் வரை வந்தது. எழுதப்படாத களவு, கணக்கில் இல்லாத களவு. கணக்கில் இல்லாத ஊருக்கு ரோந்து எப்படி வரும்?

நாம் செய்யக்கூடியவை

நாம் தடியெடுக்க வேண்டியதில்லை. பேனா எடுத்தால் போதும். எரியாத தெருவிளக்குகளைக் கணக்கெடுத்து ஊராட்சிக்கு மனுச் செய்யலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பணமோசடிக்கு 1930 ஆகிய எண்களை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்கலாம். அயலூரார் வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து விசாரிக்கலாம். வதந்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுதிக் கொடுத்து, அவருடன் நிலையத்தின் வாசற்படி ஏறலாம்.

நம் பெற்றோர் அந்தப் படியைக் கண்டாலே அஞ்சினர். அவர்களது உழைப்பில் படிக்கும் நாம் அந்த அச்சத்தையாவது போக்க வேண்டாமா? நண்பர்களே, சிந்திப்பீர்!