பார்த்ததா, கேட்டதா?

சாம் ஸ்டோன் என்றொருவர் ஒரு மழலையர் பள்ளிக்கு வந்தார். கதை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னார், அறையைச் சுற்றி நடந்தார், கையசைத்துவிட்டுப் போனார். மொத்தம் 2 நிமிடம். எதையும் அவர் உடைக்கவில்லை, கிழிக்கவில்லை.

ஆனால் ஒரு குழுப் பிள்ளைகளுக்கு, அவர் வருமுன்பே வாரக்கணக்கில் கதை சொல்லியிருந்தார்கள்: சாம் கை பட்டால் எதுவும் உருப்படாது. அவர் போன பிறகு, கிழிந்த புத்தகத்தையும் அழுக்கான கரடி பொம்மையையும் பற்றி, அவர்தான் செய்தார் என்ற தொனியில் திரும்பத் திரும்பக் கேள்விகள். 10 வாரம் கழித்துப் புதியவர் ஒருவர் விசாரித்தபோது, இந்தக் குழுவின் 3, 4 வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் இரண்டில் ஒன்றையாவது சாம்தான் செய்தார் என்றார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் மிஷெல் லீச்ட்மனும் ஸ்டீபன் சிசியும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இது.

பிள்ளைகள் வேண்டுமென்று பொய் சொன்னதாக எண்ணிவிடக் கூடாது. ஒன்றைப் பார்த்தோமா, கேட்டோமா என்று பிரித்தறியும் திறன் சின்ன வயதில் முழுதாக வளர்ந்திருக்காது.

பெற்றோர் பிரிந்த சில வீடுகளில் இதே சோதனை ஆய்வாளர் இல்லாமலே நடக்கிறது. சந்திப்பு நாளுக்கு முன்னால், ‘உங்கப்பாவுக்கு உன் மேல அக்கறையே இல்ல’, ‘உங்கம்மா உன்ன விட்டுட்டுப் போனவதானே’. திரும்பி வந்ததும், ‘அங்க உன்ன திட்டினாங்களா?’ சாம் கதை சில வாரம்தான் ஓடியது; இது வருடக்கணக்கில் ஓடுகிறது.

தந்தை வீட்டில் வளர்ந்த ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைத்த 2017 தீர்ப்பில், இந்திய உச்ச நீதிமன்றம் இதன் இரண்டு கேடுகளைச் சுட்டியது. யார் பக்கம் சாய்ந்தாலும் பிள்ளைக்குக் குற்றவுணர்வே மிஞ்சும். அதோடு, ஒருவரிடம் நல்லதே இல்லை என்று நம்பவைக்கப்படும் பிள்ளை, உண்மையைப் பார்க்கும் கண்ணையே மாற்றிக்கொள்ள நேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அடி வாங்கிய பிள்ளை, அம்மா அடிபடுவதைக் கண்ட பிள்ளை, அப்பாவிடம் போக மறுத்தால் அந்தப் பயம் யாரும் ஊட்டியது அல்ல. ரிச்சர்ட் கார்ட்னர் என்ற மனநல மருத்துவர் 1985-ல், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளையை இப்படி அந்நியப்படுத்துவதன் விளைவுக்கு ஒரு நோயாகவே பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு அதை நோய்ப்பட்டியலில் சேர்க்கவில்லை. என்ன நடந்தது என்று ஆராயாமல் அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாகவே வளர்கிறார்கள் என்பது நீண்டகால ஆய்வுகள் தரும் ஆறுதல். பிரிந்த பிறகும் ஓயாத சண்டைதான் அவர்களை வதைக்கிறது.

ஆகவே, பயப்படக் காரணம் எதுவும் இல்லாத வீட்டில், சந்திப்பு முடிந்து வந்த பிள்ளையிடம் ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள். அதோடு விடுங்கள். சோறு தின்றுகொண்டே அது தானாக ஏதாவது சொல்லும். அதுதான் அதன் சொந்த நினைவு. அதில் நம் கை படவேண்டாம்.