ஆஸ்துமா: விரால் மீனும் மரபணு விசையும்

புது தில்லி: ஐதராபாத் போவன்பள்ளி சந்தையில் வீணாகும் காய்கறிகளில் இருந்து மின்சாரம் தயாரிக்கப்படுவதை 2021 ஜனவரியில் தமது வானொலி உரையில் பிரதமர் மோடி பாராட்டினார். அத்தொழில்நுட்பத்தை அளித்தது அதே நகரில் உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். அறிவியலுக்கு இத்தனை நெருக்கமான நகரில்தான், ஆஸ்துமா தீரும் என்ற நம்பிக்கையுடன் உயிருள்ள விரால் குஞ்சை விழுங்க ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஆயிரக்கணக்கானோர் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் கூடுகின்றனர்.

1845 முதல் இதை வழங்கி வருவதாக பத்தினி கௌடு குடும்பத்தினர் கூறுகின்றனர். பகுத்தறிவாளர்களின் எதிர்ப்புக்குப் பின் "மருந்து" என்ற பெயர் "பிரசாதம்" ஆனது. கரோனா காலத்தில் நின்று, 2023-ல் மீண்டும் தொடங்கியது. ஆட்சிகள் மாறினாலும் அரசின் ஏற்பாடுகள் மாறுவதில்லை. வாக்காளர் கூடும் இடத்தில் எந்தக் கட்சியும் அறிவியல் பேசத் துணிவதில்லை.

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவின் வேர், நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ளது. தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற தீங்கற்ற பொருள்களை உடல் பகையாகக் கருதும்போது, "டி" அணுக்களில் ஒருவகை விழித்தெழுகிறது. அவற்றின் உட்கருவில் "காட்டா-3" என்ற புரதம் விசைபோல் இயங்கி, குறிப்பிட்ட சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மரபணு மாறுவதில்லை, அதன் இயக்கமே மாறுகிறது. அதனால் சுரக்கும் இன்டர்லூகின்-4, ஒவ்வாமை எதிர்ப்பொருளான "ஐஜிஇ" உருவாகத் தூண்டுகிறது. இன்டர்லூகின்-5, ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறது. இன்டர்லூகின்-13, மூச்சுக்குழலில் சளியைக் கூட்டுகிறது. குழல் வீங்கிச் சுருங்குகிறது. இவற்றை அடக்கிவைக்க வேண்டிய காவல் அணுக்களும் உண்டு. நோயாளிகளிடம் அவற்றின் பிடி தளர்ந்துவிடுகிறது.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து, "காட்டா-3" உட்கருவுக்குள் நுழைவதையே தடுக்கிறது. வயிற்றுக்குள் செல்லும் மீன் செரித்துவிடும். அந்த விசையை அது தொடுவதில்லை. மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் இன்ஹேலரும் வீக்கத்தைக் குறைப்பதில்லை. அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று 2019-ல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் திருத்தப்பட்டது.

அதே 2019-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆஸ்துமா நோயாளிகள் சுமார் 3.4 கோடி. உலக நோயாளிகளில் இது ஏறத்தாழ 13 சதவீதம். ஆனால், ஆஸ்துமாவால் நேரிடும் உலக மரணங்களில் இந்தியாவின் பங்கு 40 சதவீதத்துக்கும் அதிகம். நோய் கூடுதலாக இருப்பதால் அல்ல, உரிய மருந்து உரிய நேரத்தில் சேராததால் விளையும் வேறுபாடு இது.

புடசொனைட் என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலர், மத்திய அரசின் 2022 அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பட்டியலில் இருப்பதாலேயே அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்கு வந்துவிடாது. பொது சுகாதாரம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. மருந்தை வாங்கி இருப்பு வைக்கவேண்டியவை மாநில அரசுகளே.