உப்பளக் கரையில் மழலைப் பருவம்

மழலைப் பருவம் என்பது குழந்தை தளர்நடை போடத் தொடங்கும் ஏறத்தாழ ஒரு வயதிலிருந்து மூன்று வயது நிறையும் வரையிலான காலம். நடை, பேச்சு, கைத்திறன், உணவுப் பழக்கம் ஆகிய நான்கும் இக்காலத்தில்தான் வேர்விடுகின்றன. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையில் உப்பள வேலையை நம்பி வாழும் குடும்பங்களில் இப்பருவக் குழந்தையின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைகிறது, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே கைவேலை, பலகாரம், புத்தகம் ஆகியவற்றுக்கு எவ்வாறு இடம் தரலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் காலமும்

மரக்காணம், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இப்பகுதியில் முடிகிறது. அருகிலுள்ள கழுவேலி உவர்நீர் ஏரி 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு உற்பத்தி வெயிலை நம்பியது. தை மாதத்தில் பாத்திகளைச் சீர் செய்து தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும் வரை நடக்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், விடியுமுன்பே தாயும் தந்தையும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகின்றனர். வாரிய உப்பைக் கூடையில் தலைச்சுமையாகக் கரைசேர்ப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. மழை மாதங்களில் வேலை இராது, கூலியும் இராது. அக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் உண்டு.

ஆக, வெயில் காலத்தில் குழந்தையோடு இருக்கப் பெற்றோருக்கு நேரமில்லை. மழைக்காலத்தில் நேரம் உண்டு, கையில் காசில்லை. இவ்விரண்டுக்கும் பொருந்தும் வழிகளே இங்கு பயன்படும்.

பிள்ளைத்தமிழ் காட்டும் வளர்ச்சி

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழில் பழையது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் அதைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. சப்பாணியில் குழந்தை கைகொட்டுகிறது. வாரானையில் அழைத்தால் தளர்நடையிட்டு வருகிறது. அம்புலியில் நிலவை விளையாட அழைக்கிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அவ்விடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை வரும்.

மணல்வீடு, சிறு மேளம், உருட்டும் வண்டி ஆகிய மூன்றும் இன்றைய மழலைக்கும் ஏற்ற விளையாட்டுப் பொருள்களே. மணலைக் குவிப்பதில் விரல் வலுப்பெறுகிறது. மேளம் தட்டுவதில் தாளம் பழகுகிறது. வண்டி தள்ளுவதில் கால் ஊன்றுகிறது. மூன்று சக்கர மர நடைவண்டி இந்தச் சிறுதேரின் உறவுதான். குழந்தை பின்னால் நின்று தன் காலாலேயே தள்ளுவதால் அது நல்லது. குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருளும் வட்ட வண்டி வேறு. விபத்துகளுக்குக் காரணமாவதால் குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கின்றனர். கனடா 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

கைவேலை

இக்கரையில் பனை உண்டு. பனையோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, சிறு பெட்டி ஆகியவற்றைப் பெரியவர்கள் முடைய, குழந்தை ஓலைத் துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு எடுத்து விளையாடலாம். மழலைக்குக் கைவேலை என்பது அழகான பொருள் செய்வது அன்று. போடுவது, எடுப்பது, கிழிப்பது, பிசைவது ஆகியவைதாம். ஓலையின் விளிம்பு கூரானது. எனவே ஓரத்தை மடித்துக் கொடுக்க வேண்டும். கிளிஞ்சல், புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்கள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவை மூன்று வயதுக்கு மேல்தான்.

உப்பு மாவுப் பொம்மை பல நாடுகளில் குழந்தைகள் செய்வது. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, உருவம் பிடித்து வெயிலில் காயவைத்தால் கல்போல் இறுகும். உப்பு ஈரத்தை இழுத்து மாவு கெடாமல் காக்கிறது. ஆனால் இது பள்ளி செல்லும் அண்ணன், அக்காளுக்கு உரியது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் மழலையிடம் இதைத் தரலாகாது. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஒரு மேசைக்கரண்டி அளவு உப்பு ஒரே நேரத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மழலைக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும். சிறிது மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ சேர்த்தால் நிறமும் வந்துவிடும்.

உப்புப் படுகையில் சுடுதல்

ரொட்டி அடுப்பு இல்லாத வீட்டிலும் பிஸ்கட், கேக் சுடலாம். தடித்த இரும்புச் சட்டியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணை வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிட வேண்டும். பிறகு நெய் தடவிய தட்டில் வைத்த மாவைப் பிரிமணைமேல் வைத்து, தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். உப்பு உருக ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆகவே அடுப்பில் அது உருகாமல், சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சீராக மேலே விடுகிறது. ஈர உப்பு சூட்டில் வெடித்துத் தெறிக்கும் என்பதால் முதலில் நன்றாக வெயிலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். இந்த உப்பை ஆறவைத்து எடுத்துவைத்தால் அடுத்த முறையும் பயன்படும். அதைச் சமையலில் சேர்ப்பதில்லை.

மழலைக்கு ஏற்ற எளிய பலகாரம் இது: நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழத்தை நசுக்கி, ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, கேழ்வரகு மாவை மாவு திரளும் வரை சேர்த்துப் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தட்டி, 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். பழத்தின் இனிப்பே போதுமாதலால் சர்க்கரை வேண்டியதில்லை. பழத்தை நசுக்குவதும் மாவைத் தட்டுவதும் குழந்தையின் வேலை. அடுப்பு முழுவதும் பெரியவர் வேலை. அந்நேரம் குழந்தை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

உணவில் உப்பு

உப்பு விளையும் ஊரில் உப்பைப் பற்றிய கவனம் கூடுதலாகவே வேண்டும். ஒரு வயது வரை குழந்தையின் உணவில் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதன் பிறகும் சிறிதளவே போதும்.

இன்னொன்று அயோடின். பாத்தியிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பில் போதிய அயோடின் இராது. மூளை வேகமாக வளரும் இப்பருவத்தில் அயோடின் குறைந்தால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். கருவுற்ற தாய்க்கும் அது இன்றியமையாதது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு இந்தியா முழுவதும் 2006 முதல் தடை உள்ளது. ஆனால் கடையில் வாங்காமல் களத்திலிருந்து எடுத்துவரும் உப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. எனவே பாத்தி உப்பு சுடும் சட்டிக்கு, அயோடின் உப்பு குழம்புக்கு என்று வீட்டில் இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

புத்தகம்

மழலைக்கு வாசிப்பு என்பது எழுத்தை அறிவது அன்று; மடியில் உட்கார்ந்து படம் பார்த்துப் பெயர் கேட்பது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழில் படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

வாங்க முடியாவிட்டால் செய்துகொள்ளலாம். பழைய நாட்காட்டி, தீப்பெட்டி, பொட்டலத் தாள் ஆகியவற்றின் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, துளையிட்டுக் கயிற்றால் கோத்தால் அது புத்தகம். படகு, பனை, நாரை, பூநாரை, கூடை என்று குழந்தை தினமும் காண்பவையே முதல் பக்கங்களாக இருக்கட்டும். எழுத்தறியாத ஆயாவும் இதை ‘வாசிக்க’ முடியும். ஒரே பக்கத்தைக் குழந்தை மறுபடி மறுபடி கேட்பது பிடிவாதமன்று. அப்படித்தான் சொல் மனத்தில் பதிகிறது.

கைப்பேசி இதற்கு ஈடாகாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்று உலக நல நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. பெருந்தொற்றுக்குப் பின் அரசு நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான். அது 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. எனினும் வாசிக்கப் பழகிய அண்ணனோ அக்காளோ உரக்கப் படித்தால், வீட்டிலுள்ள மழலை முதல் செவிச்செல்வத்தை அவர்களிடமே பெறும்.

பார்த்துக்கொள்வது யார்?

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் அங்கன்வாடி மையங்கள் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஊட்டச்சத்து வழங்குகின்றன. ஆனால் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சிறு பாத்திகளில் நாட்கூலிக்குச் செல்லும் தாய்க்கு இது எட்டுவதில்லை. எனவே ஒன்று முதல் மூன்று வயது வரை குழந்தை ஆயாவிடமோ மூத்த பிள்ளையிடமோ விடப்படுகிறது, அல்லது களத்துக்கே தூக்கிச் செல்லப்படுகிறது. மூத்த பிள்ளையிடம் விட்டால் அப்பிள்ளையின் பள்ளி நாள் போகிறது. களத்துக்குத் தூக்கிச் சென்றால் வெயிலும், உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் வாட்டும். சில அங்குல நீரே சிறு குழந்தை மூழ்கப் போதுமானது. களத்துக்கு அருகே நிழலும் குடிநீரும் பொறுப்பான ஒருவரும் உள்ள காப்பிடம் அமைந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு.

அதுவரை வீட்டால் இயன்றது, நேரம் கிடைக்கும் மழை மாதங்களில் மாவு பிசைவதையும் படம் பார்ப்பதையும் பழக்கமாக்கிவிடுவது. பழகிய குழந்தைக்கு, உப்பு வாரும் காலத்தில் மாலைப் பொழுதின் பத்து நிமிடமும் பயன்படும்.